ஆள் போகாமல் பார்த்துக்கொள்வது

எனக்குக் கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும். வண்ணார்பேட்டையில் எங்கள் டேட்டா என்ட்ரி நிலையத்தில் வேலை பார்த்த முப்பத்து நாலு பேருக்கும் இது தெரியும். உலகம்மாள் மேடத்தின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே ஹாலில் எல்லோருக்கும் டைப்பிங் வேகம் கூடிவிடும் என்று எலியேசர் சொல்வான். அவன் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். என் முகத்துக்கு நேரே கேலி பேசும் தைரியம் ஆண்களில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. நானும் முறைப்பேனே தவிர ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் அங்கே மேனேஜர். அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் ஒரு நூற்பு மில்லில் ஆபீஸ் வேலை. மில்லை மூடினார்கள், நான் இங்கே வந்தேன். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. தம்பி பம்பாயில் இருக்கிறான். பெருமாள்புரம் வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். பேசவும் ஆள் கிடையாது, திட்டவும் ஆள் கிடையாது.

தொண்ணூற்றெட்டில் எங்கள் ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரே ஒரு இமெயில் முகவரிதான். அதுவும் என் அறைக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். காலை பத்து மணிக்கு மோடத்தைப் போடுவேன். அது கிர்ரென்று கத்தி, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைன் பிடிக்கும். வந்திருக்கிற கடிதங்களை இறக்கிக்கொண்டு உடனே லைனைத் துண்டித்துவிடுவேன். ஆபீஸ் விஷயத்துக்காக வாங்கிய முகவரி அது. துபாயில் புருஷன் இருக்கிற ஆசியா உம்மாள் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள். "மேடம், அவுக ஆபீஸ்ல மெயில் வசதி வந்திருக்காம். நம்ம அட்ரஸ அவுகளுக்குக் குடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். கொடுத்துக்கொள் என்றேன். ஒருத்திக்குச் சரி என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆறே மாதத்தில் அத்தனை பேருக்கும் அதுவே முகவரியாகிவிட்டது. யாருக்கு என்பதைக் கடிதத்தின் தலைப்பில் போட்டு அனுப்புவார்கள். நான் ஒவ்வொன்றையும் அச்சடித்து, நாலாக மடித்து, மேலே பேர் எழுதி, ஹாலுக்குள் போய் அவரவர் கையில் கொடுப்பேன். "ஏலே, போஸ்ட்மேன் மேடம் வந்தாச்சு" என்பான் எலியேசர்.

யாருடைய கடிதத்தையும் படிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். படித்தேன்.

முதலில் தலைப்பு இல்லாத ஒரு கடிதம் வந்தது. யாருக்கு என்று தெரிந்துகொள்ள இரண்டு வரி பார்த்தேன். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் அது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது, வாயால் உச்சரித்தால்தான் விளங்கும். உச்சரித்தேன். போட்டோவில் ரொம்ப மெலிந்திருக்கிறாய், வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடு என்று எழுதியிருந்தது. ஆசியாவுக்கு அவள் புருஷன் எழுதியது. என் வாயாலேயே சொன்னதால் என்னிடம் யாரோ சொல்வதுபோல இருந்தது. சீ, இது என்ன புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் தலைப்பு இருந்த கடிதத்தையும் படித்தேன். பிறகு ஒன்றுவிடாமல் படித்தேன்.

எலியேசரின் அண்ணன் மஸ்கட்டில் வேலை மாறியது, ஒரு பெண்ணின் அக்காளுக்கு மூன்றாவதும் கலைந்தது, இன்னொருத்திக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை தகைந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தி காய்ச்சல் என்று லீவு கேட்டு வருவாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்கு முந்தின நாளே தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி, "ஒழுங்கா மாத்திரை சாப்பிடு" என்று அதட்டிக் கையெழுத்துப் போடுவேன். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கென்று ஒரு கடிதமும் வந்தது கிடையாது, முதலாளி எழுதுவதைத் தவிர.

முதலாளி சாய்கிருஷ்ணன் கல்லிடைக்குறிச்சிக்காரர், சென்னையில் இருந்தார். வாரம் ஒருமுறை போன் செய்வார். "உலகம்மாள் மேடம், பழக்கிவிட்டா பறந்து போயிடறாளே எல்லாரும். ஆள் போகாம பாத்துக்கோங்கோ" என்பதுதான் அவருடைய ஒரே பாட்டு. அவர் சொன்னதும் பொய்யில்லை. முந்தின வருஷம் பதினோரு பேர் போய்விட்டார்கள். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம் அது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் வேலைக்குச் சேரும்போதே டிகிரி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி என் அறைப் பீரோவில் பூட்டிவிடுவோம். பல கம்பெனிகளில் உள்ள வழக்கம்தான். ஒரிஜினல் வேண்டுமென்றால் என் முன்னால் வந்து நிற்க வேண்டும், எதற்கென்று சொல்ல வேண்டும்.

இனி விஜயஸ்ரீயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வருவது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் படிவங்கள், கட்டுக்கட்டாக; ஒரு கட்டுக்கு ஒரு பேட்ச் என்று பேர். டாக்டர்கள் கையால் கிறுக்கியது. ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அதைக் கம்ப்யூட்டர் காட்டும். மூன்றாவதாக ஒருவர் மூலத்தைப் பார்த்து எது சரி என்று முடிவு செய்ய வேண்டும். அந்த மூன்றாவது ஆளுக்கு வெரிஃபையர் என்று பேர். மூன்று வெரிஃபையர்கள் இருந்தார்கள். அவர்களில் மஹாலக்ஷ்மி மெட்ராசுக்குப் போனபின் இரண்டு பேரானார்கள். அதில் விஜயஸ்ரீ முடிவு செய்த படிவம் ஒன்றுகூடத் தப்பு என்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்ததில்லை.

இது ஆபீஸ் கணக்கு. என் கணக்கு வேறு. அவள் சேர்ந்த முதல் வாரம், மதியம் ஹாலில் உட்கார இடமில்லாமல் டிபன் பாக்ஸோடு என் அறை வாசலுக்கு வந்து, "இங்கன உக்காரட்டா மேடம்?" என்று கேட்டாள். அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. உட்கார் என்றேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்காருவாள். என் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மேடம், இன்னைக்கும் ரசமா? நேத்து வச்சதா, அதுக்கு முந்தின நாள் வச்சதா?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு ஏட்டி."

"அதுக்குத்தான எள்ளுத் தொவையல் கொண்டாந்திருக்கேன். பிடிங்க."

இந்தப் பேச்சுக்காகவே நான் சில நாள் வேண்டுமென்று ரசம் மட்டும் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பி.எஸ்சி. கணிதம். சாயங்காலம் ஜங்ஷனில் புரோகிராமிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்திரை மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "மேடம், உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. மஹாலக்ஷ்மி வேலை பாக்குத கம்பெனில புரோகிராமர் டிரெய்னிக்கு ஆள் எடுக்காங்க. மதுரையில போய்ப் பரீட்சை எழுதிட்டேன். நல்லா எழுதியிருக்கேன். இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு ஆனி வந்தா இருபத்தஞ்சு முடியுது. இத விட்டா இனிமே கெடையாது."

"எப்பக் கூப்பிடுவாங்க?"

"மெயில்லதான் கூப்பிடுவாங்களாம். கம்ப்யூட்டர் கம்பெனி பாருங்க, தபால்ல போட்டா கௌரவக் கொறைச்சல். நம்ம அட்ரஸக் குடுத்திருக்கேன். எத்தன நாளைக்கு மேடம் எவனோ கிறுக்கினதுல எது சரின்னு பாத்துக்கிட்டே இருக்க? எனக்குன்னு ஒண்ணு எழுதணும்னு ஆசையா இருக்கு."

"போ, போ. உன்னை எவன் பிடிச்சு வச்சிருக்கான்?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை முதலாளி போன் செய்தார். இன்னும் ஒரு வெரிஃபையர் போனால் அமெரிக்கக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான், திருநெல்வேலி வேலையை மொத்தமாக மெட்ராசுக்கு மாற்ற வேண்டியதுதான் என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு மோடத்தைப் போட்டேன். ஐந்து கடிதங்கள் வந்தன. ஐந்தாவது விஜயஸ்ரீக்கு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் நேர்காணல், சான்றிதழ்களை ஒரிஜினலாகக் கொண்டுவரவும், இந்த ஆண்டுக்கு இதுவே கடைசித் தேர்வு என்றிருந்தது.

வழக்கம்போல அச்சடித்தேன். நாலாக மடித்தேன். மேலே விஜயஸ்ரீ என்று எழுதினேன். எழுதிவிட்டு என் கைப்பைக்குள் போட்டேன். கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். நாலு கடிதங்களோடு ஹாலுக்குப் போனேன்.

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள். "எனக்கு ஏதும் வந்திருக்கா மேடம்?"

"உனக்கா? ஒண்ணும் வரல."

முப்பத்து மூன்று பேருடைய பிழைப்பு போய்விடுமே, அதற்காகத்தான் செய்தேன் என்று அன்று முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய். மஹாலக்ஷ்மிக்கு அழைப்பு வந்தபோதும் முதலாளி இதே மாதிரிதான் கத்தினார். அவள் கடிதத்தை நான் மறைத்தேனா? பத்து நிமிஷத்தில் கையில் கொடுத்து, பீரோவைத் திறந்து ஒரிஜினலும் கொடுத்தேனே. விஜயஸ்ரீ போனால் பன்னிரண்டே முக்காலுக்கு எதிர் நாற்காலி காலியாக இருக்கும். என்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். செவ்வாய்க்கிழமையும் இல்லை என்றேன். மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருவேள நான் நெனச்ச அளவுக்கு நல்லா எழுதல போல மேடம்" என்றாள். "எல்லாம் நல்லதுக்குத்தான் ஏட்டி, சாப்பிடு" என்று என் பாத்திரத்திலிருந்த அவியலை எடுத்து அவளுக்கு வைத்தேன். எந்த வாயால் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

புதன்கிழமை மனசு கேட்கவில்லை. நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு பீரோவைத் திறந்து அவளுடைய ஒரிஜினல்களை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சிந்துபூந்துறைக்கு நடந்தேன். அவள் வீடு அங்கேதான். அங்கிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரம். மெட்ராஸ் வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. கொடுத்துவிடலாம், நேரம் இருக்கிறது என்று வாசல்வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

அவளுடைய அம்மா கதவைத் திறந்தாள். "ஐயோ, மேடமா! வாங்க, வாங்க. இந்த வீட்டுக்கு நீங்க வந்ததே இல்லையே" என்று கைகால் ஓடாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "அவ வாயைத் தொறந்தா மேடம் மேடம்தான். உங்கள நம்பித்தான் நான் அவள தைரியமா வேலைக்கு அனுப்புதேன். நாலு நாளா பொட்டுத் தூக்கமில்ல அவளுக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்று சொல்லிக்கொண்டே காப்பி போட உள்ளே போனாள்.

அப்போது விஜயஸ்ரீ தண்ணீர்க் குடத்தோடு தெருவிலிருந்து ஏறி வந்தாள். என்னைப் பார்த்தாள். குடத்தை வைக்கக்கூட இல்லை, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மேடம்! மெயில் வந்துட்டா?"

வேறு எதற்கு நான் அங்கே போவேன்? அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. கைப்பையைத் திறந்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தத் தாளின் தலையில் திங்கட்கிழமை தேதி அச்சாகியிருந்தது. மூன்று நாள் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்பாள். அவள் அம்மா காப்பியோடு வந்து நின்று கேட்பாள். இவ்வளவு நேரம் கொண்டாடிய வீட்டில் நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது? நடந்து வரும்போது இந்தத் தேதி என் நினைவில் வரவே இல்லை. யோசனை எனக்குப் பின்னால்தான் வரும் என்று சொன்னேனே.

"இல்லட்டி. ஜங்ஷனுக்கு வந்தேன், சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னுதான்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் சிரித்தாள். "அதனால என்ன மேடம், இப்பவாவது வரத் தோணிச்சே. அம்மா, மேடத்துக்குச் சீனி கம்மி" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். நான் காப்பியைக் குடித்தேன். திரும்பி வரும் வழியில் வண்டியின் கூவல் கேட்டது. அது மெட்ராஸ் வண்டிதானா என்று எனக்குத் தெரியாது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் மோடத்தைப் போடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அமெரிக்க டாக்டரின் கிறுக்கலில் தலையைக் குனிந்து எது சரி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என் மேசைப் போன் அடித்தது. மஹாலக்ஷ்மி, மெட்ராசிலிருந்து. "நல்லா இருக்கீங்களா மேடம்? விஜயஸ்ரீகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்" என்றாள். ஆள் வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கூப்பிட்டேன். என் மேசைக்கு முன்னால் நின்றபடி போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுட்டி... எங்க வரல?... இண்டர்வியூவா? எனக்கு வரவே இல்லையே... திங்கக்கிழமையா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். திங்கட்கிழமை ஆசியாவும் இன்னும் மூன்று பேரும் அவள் கண் முன்னால்தான் கடிதம் வாங்கினார்கள். போனில் மஹாலக்ஷ்மி கத்துவது எனக்கே கேட்டது. விஜயஸ்ரீ பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்கன மோடம் ரிப்பேருட்டி. இந்த வாரம் பூரா யாருக்கும் மெயில் வரல. வச்சிருதேன்" என்றாள்.

போனை வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். "ஏட்டி, நான்..." என்று ஆரம்பித்தேன். "பாதி பேட்ச் நிக்குது மேடம்" என்று அவள் போய்விட்டாள். அன்று மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு நான் இரண்டு பாத்திரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாலில் ஆசியாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் சாப்பிட்டாள்.

திட்டுவாள், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்பாள், ராஜினாமாவை என் முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. எட்டு மணிக்கு வந்தாள், வணக்கம் சொன்னாள், நாலு மணிக்குப் போனாள். "சரி மேடம்." "முடிஞ்சிட்டு மேடம்." "ஆகட்டும் மேடம்." இவ்வளவுதான் பேச்சு. பத்து மணிக்கு நான் ஹாலுக்குள் போனால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவள் மட்டும் நிமிர மாட்டாள். எனக்கு வந்திருக்கா என்று அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. கடிதங்களைப் படிப்பதை நானும் விட்டுவிட்டேன். விட்ட பிறகு சாயங்காலங்கள் நீண்டு போயின. வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் பீரோவைத் திறந்து அவளுடைய ஒரிஜினல்களைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். "இத நீயே வச்சுக்கோ. எப்ப வேணும்னாலும் போ. எவன் கேக்கான்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். குரல் கோபமாகத்தான் வந்தது. எனக்கு வேறு குரல் வராது.

அவள் கவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பீரோலயே இருக்கட்டும் மேடம். வீட்ல கரையான்" என்றாள். திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

அந்த வாரமே முதலாளியிடமிருந்து மெயில் வந்தது. மூன்று மாதமாகத் திருநெல்வேலியிலிருந்து ஒருவரும் போகவில்லை, மற்ற ஊர் மேனேஜர்களுக்கும் பயன்படும், ஆட்களை எப்படி நிறுத்தி வைக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மில்லில் முன்னூறு பேருக்கு நோட்டீஸும் மெமோவும் எழுதிய கை இது. ஒரு வரி ஓடவில்லை.

அந்தத் தாளில் மெட்ராஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். முதலில் எங்கள் அலுவலகக் கோளாறினால் தகவல் போய்ச் சேரவில்லை என்று எழுதினேன். அடித்தேன். அழைப்பு வந்தது, நான்தான் படித்தேன், நான்தான் மறைத்தேன், அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை, இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எழுதினேன். அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, என் பெயரும் பதவியும் போட்டு அனுப்பினேன். முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போகும். போனால் போகட்டும். அவளுக்கு ஆனி முடிந்து ஆடியும் பிறந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஒரு நப்பாசைதான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தலைப்பில் விஜயஸ்ரீ என்று அவள் பெயர். அனுப்பியவர் அந்தக் கம்பெனி. அதற்குக் கீழே நான் பார்வையைக் கொண்டுபோகவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிரிண்டரிலிருந்து வந்த தாளைத் தலைகீழாகப் பிடித்து மடித்தேன். கூப்பிட்டிருப்பார்கள், கூப்பிடாமல் எதற்குப் பதில் எழுதப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஹாலுக்குள் ஓட்டமாகப் போனேன். என் செருப்புச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"விஜயஸ்ரீ, உனக்கு மெயில். மெட்ராஸ்லேருந்து. நான் பாக்கல ஏட்டி, நீயே பிரிச்சுப் படி" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். கை நீட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, கிண்டலும் இல்லை. வேலை சம்பந்தமாக ஏதோ சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நீங்களே படிச்சுச் சொல்லிருங்க மேடம். எப்பவும் நீங்கதான மொதல்ல படிப்பீங்க."

ஹாலில் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது. ஆசியா தலையைக் குனிந்துகொண்டாள். எலியேசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர்களுக்கெல்லாம் தெரியும். என் உதடு அசைவதைக் கண்ணாடிக் கதவு வழியாக அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தாளைப் பிரித்தேன். எல்லோர் முன்னாலும் நான் பிரித்த முதல் கடிதம் அது. நின்றுகொண்டே வாசித்தேன். உங்கள் மேலாளர் திருமதி உலகம்மாள் எழுதிய கடிதம் கிடைத்தது. எங்கள் அழைப்பைத் தாமே படித்து, உங்களுக்குத் தெரியாமல் வேண்டுமென்றே மறைத்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதற்காக வருந்துகிறோம். எழுத்துத் தேர்வில் நீங்கள் முதலிடம் பெற்றிருந்தீர்கள். ஆயினும் இடங்கள் நிரம்பிவிட்டன, வயது வரம்பை எங்களால் தளர்த்த இயலாது.

திருமதி என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். அதையும் அப்படியே வாசித்தேன். முதலிடம் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தேன், அவளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று. வாசித்து முடித்த பிறகும் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றேன். இறக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"ஏட்டி, ஏதாவது சொல்லேன். வாய்க்கு வந்தபடி திட்டேன்" என்றேன். முப்பத்து மூன்று பேர் முன்னால் நான் கெஞ்சினேன்.

"என்ன மேடம் சொல்ல?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிவிட்டாள். "இந்த பேட்ச் முடிஞ்சிட்டு. அடுத்தது வந்துட்டா?"

"வந்துட்டு" என்றேன்.